கோதுமையின்றி, இறைச்சியின்றி

"கோதுமை ஆகாது, இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் வேண்டாம் என்கிறாள் மகள். இனி எதைச் சமைப்பது?" என்று கவலைப்படும் உம்மா, சமையற் குறிப்புத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. பாதி விடை நம் குசினியிலேயே இருக்கிறது. மீதிப் பாதி, எதில் எது கலந்திருக்கிறது என்று அறிவது.

குளுட்டன் என்பது கோதுமை, பார்லி, றை ஆகிய தானியங்களிலுள்ள புரதம். சீலியாக் நோயுள்ளோரின் சிறுகுடலை அது சேதப்படுத்தும். அவர்களுக்கு ஒரு துண்டுப் பாணும் கேடுதான். வீகன் உணவோ, விலங்கிலிருந்து கிடைக்கும் எதையும், தேனையும்கூட, சேர்க்காதது.

அரிசிமா இடியப்பம், குரக்கன்மா பிட்டு, தேங்காய்ப்பாலில் காய்ச்சிய பருப்பு, பலாக்காய்க் கறி, கீரைச் சுண்டல் ஆகியவை இரண்டுக்கும் பொருந்தும். இனிப்புக்கு அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்துக் கிண்டிய தொதல் உண்டு. வட்டிலப்பத்தில் முட்டை இருப்பதால் அது வீகன் ஆகாது.

ஒளிந்திருப்பவற்றையும் கவனியுங்கள். கடை இடியப்பத்தில் கோதுமை மா கலந்திருக்கலாம். பெருங்காயத் தூளிலும் சோயா சோஸிலும் கோதுமை சேர்வது வழக்கம். சம்பலில் மாசி இருக்கும்; சூப் கட்டியில் இறைச்சிச் சாறு இருக்கலாம். கோதுமை அரைத்த மில்லிலேயே அரிசியை அரைத்தால் அதிலும் கோதுமை ஒட்டும்.

நோன்புக் கஞ்சியையும் இம்முறையில் காய்ச்சலாம். ஒரு கோப்பை பச்சையரிசி, கால் கோப்பை பாசிப்பயறு, ஒரு தேக்கரண்டி வெந்தயம், நசுக்கிய இஞ்சி, உள்ளி, ரம்பை ஆகியவற்றை எட்டுக் கோப்பை தண்ணீரில் குழைய வேகவையுங்கள். உப்பிட்டு, இரண்டாம் பாலை ஊற்றிக் கொதிக்கவிட்டு, கடைசியில் முதற்பால் சேர்த்து இறக்குங்கள். இறைச்சியின் குறை தெரியாது.

இரண்டு எச்சரிக்கைகள். சீலியாக் என்று சந்தேகித்தால், பாணை நிறுத்துமுன் வைத்தியரைக் காணுங்கள். முன்கூட்டியே நிறுத்தினால் இரத்தப் பரிசோதனையில் நோய் தெரியாமற் போகலாம். வீகன் உணவில் விற்றமின் பி12 போதியளவு கிடைக்காது. அதற்கும் வைத்தியரிடம் மாத்திரை கேளுங்கள்.

விருந்துக்கு வரும் இத்தகைய பிள்ளைக்கு, சஹன் வைக்குமுன் சுத்தமான கரண்டியால் தனிக் கோப்பையில் உணவை எடுத்து வையுங்கள். ரோல்ஸும் சமோசாவும் நிறைந்த விரிப்பில், பேரீச்சம்பழத்தோடு மட்டும் அவள் எழுந்துபோகக் கூடாது.