கிண்ணியாத் துறையும் கிண்ணியாப் பாலமும்

கிண்ணியாத் துறையில் பாதைக்கு, அதாவது வண்டிகளை அக்கரை சேர்க்கும் மிதவைக்கு, காத்து நின்றவர்களுக்கு, பல திக்கிலிருந்து வரும் வண்டிகள் ஒரே வரிசையாவது எப்படி என்று யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. பஸ்ஸில் வந்தவர்கள் இறங்கி ஒதுங்குவார்கள். பாதைக்காரர் கைகாட்டிய பிறகுதான் லொறியின் சில்லு உருளும். வெயில் சுடும், நேரம் போகும். முட்டிமோதல் மட்டும் இராது. யார் முன்னுக்கு, யார் பின்னுக்கு என்பது ஏறுமுன்பே முடிவாகியிருக்கும்.

2009 ஒக்டோபரில் அங்கே 396 மீற்றர் நீளப் பாலம் திறக்கப்பட்டது. நள்ளிரவிலும் நோயாளியைத் திருகோணமலைக்குக் கொண்டுபோகலாம் என்றானது. அதன் அருமை இந்த மண்ணுக்குத் தெரியும்: 2021 நவம்பரில் குறிஞ்சாக்கேணியில், பாலவேலை முடியாத இடத்தில், படகு கவிழ்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பறிகொடுத்தோம்.

ஆனால் பாலம் வந்ததோடு கைகாட்டும் ஆள் இல்லாமற் போனார். சீனன்குடாப் பக்கம் கிளை வீதியிலிருந்து பாரலொறி ஒன்று பிரதான வீதிக்கு ஏறுவதைப் பாருங்கள். ஓட்டோ முந்தப் பார்க்கும், பஸ் ஹோர்ன் அடிக்கும், யாரோ கடைசி நொடியில் பிரேக் பிடிப்பார். அந்த ஒரு பிரேக் பின்னால் வரும் அத்தனை வண்டியையும் தடுமாற வைக்கும்.

அதிவேக நெடுஞ்சாலையில் இப்படி வந்து சேர்வது உயிர்ப் பிரச்சினை. மணிக்கு 100 கிலோமீற்றரில் போகும் கார், ஒரு வினாடி யோசிப்பதற்குள் 28 மீற்றர் கடந்துவிடும். இதற்கு ஒரு வழியாக, ஒன்றோடொன்று தொடர்புகொண்டு தானாக ஓடும் வாகனங்கள் தம் இடத்தையும் வேகத்தையும் வினாடிக்குப் பத்துத் தடவை வானலையில் அறிவிக்கின்றன. மதிலுக்கு அப்பால் ஏறுவழியில் வரும் வண்டி கமராவுக்குத் தெரியாது. அதன் வானலைச் செய்தி வந்து சேரும். எனவே சேருமிடத்துக்கு வெகுமுன்பே வரிசை தீர்மானமாகிறது. பின்னால் வருவது சற்று வேகம் தணித்து இடைவெளி விடுகிறது, எதுவும் நிற்பதில்லை. 2016இல் நெதர்லாந்தின் ஹெல்மண்டில் நடந்த போட்டியில், இரண்டு நிரல் வாகனங்களை இவ்வாறு ஒன்றாக்கும் சவால் வைக்கப்பட்டது. பாதைக்காரரின் வேலையைத்தான் இயந்திரம் இப்போது பழகுகிறது என்பேன். மனிதர் ஓட்டும் வண்டிகளும் கலந்தோடும் வீதியில் அது இன்னும் கடினம்.

இலங்கையின் முதல் அதிவேக நெடுஞ்சாலை 2011இல் தெற்கில் திறக்கப்பட்டது. நமக்கு அது வரும்போது வரட்டும். ஆனால் தொழிற்சாலை லொறிகள் பிரதான வீதிக்கு ஏறும் இடங்களில் வேகம் எடுக்கப் போதிய நீளத்துக்குத் தனி ஒழுங்கை போட்டுத் தாருங்கள் என்று வீதி அதிகாரிகளிடம் இன்றே கேட்கலாம். ஓட்டுநர்களே, சிக்னலை நேரத்தோடு போடுங்கள்; ஏறுகிறவருக்கு ஒரு வண்டி இடம் விடுங்கள்.