எண்கள் சொல்லும் ஊர் – 7: பள்ளிக்கூடம் கேட்காத குடிகள்

வாஷிங்டன் நகரிலிருந்து மேற்கே ஒரு மணி நேரம் காரில் போனால் வெர்ஜீனியா மாநிலத்தின் லவுடன் கவுன்ட்டி. 1950 கணக்கெடுப்பில் அங்கே இருந்தவர்கள் சுமார் 21,000 பேர். பால்பண்ணை, சோளக்காடு, குதிரை லாயம், இவைதான் ஊர். 1990இல் மக்கள்தொகை 86,000ஐத் தொட்டது. அதற்குப் பிறகு நடந்தது வளர்ச்சி இல்லை, வெள்ளம். 2000இல் 1,69,599. 2010இல் 3,12,311. 2020இல் 4,20,959. முப்பது ஆண்டுகளில் ஏறத்தாழ ஐந்து மடங்கு. குடும்ப வருமானத்தின் இடைநிலை அளவை வைத்து அமெரிக்கக் கவுன்ட்டிகளை வரிசைப்படுத்தினால், பல ஆண்டுகளாக முதலிடத்தில் நிற்பதும் இதுதான்.

உலகத்திலேயே டேட்டா சென்டர்கள் மிக நெருக்கமாக நிற்கும் இடமும் இதே கவுன்ட்டி. சுமார் 200 இருக்கின்றன, பெரும்பாலானவை ஆஷ்பர்ன் என்ற ஒரே ஊரைச் சுற்றி. 2025 அக்டோபர் 20 அன்று வடக்கு வெர்ஜீனியாவில் உள்ள அமேசான் கணினிக் கூடங்களின் மென்பொருளில் ஒரு கோளாறு ஏற்பட்டபோது, ஸ்னாப்சாட் நின்றது, பிரிட்டனில் வங்கிச் செயலிகள் திணறின. உலக இணையப் போக்குவரத்தில் 70 சதவீதம் இந்த ஊர் வழியாகப் போகிறது என்று ஒரு பேச்சு வெகுகாலமாகச் சுற்றி வருகிறது. அந்த எண்ணை நான் நம்புவதில்லை. எப்படி அளந்தார்கள் என்று கேட்டால் ஒழுங்கான பதில் வராத எண் அது. ஆனால் அந்தப் பேச்சு ஏன் உயிரோடு இருக்கிறது என்பது புரிகிறது.

இதே கவுன்ட்டியின் மேற்குப் பாதியில், 2021 கணக்குப்படி, 8,000க்கும் மேற்பட்ட வீடுகளுக்கும் கடைகளுக்கும் உருப்படியான இணைய இணைப்பு இருக்கவில்லை. ஏழைகள் என்பதால் இல்லை. பலர் நல்ல வசதிக்காரர்கள். இணையத்தின் மூலஸ்தானத்திலிருந்து முப்பது நாற்பது கிலோமீட்டர் தூரத்தில் இருந்துகொண்டு, ஒரு வீடியோ அழைப்புக்கு அல்லாடியவர்கள்.

இது எப்படி நேர்ந்தது என்று பார்க்க, ஊர் பெருத்த கதையிலிருந்து தொடங்க வேண்டும்.

1962 நவம்பரில் வாஷிங்டனுக்கான டல்லஸ் விமான நிலையத்தை அதிபர் கென்னடி திறந்து வைத்தார். அதன் நிலத்தில் ஒரு பகுதி லவுடனுக்குள் வருகிறது. விமான நிலையத்துக்காகப் போட்ட சாலையும் சாக்கடைக் குழாயும் கிழக்கு லவுடனின் வயல்களை வீட்டுமனைகளாக மாற்றின. ஸ்டெர்லிங் பார்க் போன்ற குடியிருப்புகள் அந்தப் பத்தாண்டில் எழுந்தவை. அன்றைய லவுடன் எப்படிப்பட்ட ஊர் என்பதற்கு ஒன்று சொன்னால் போதும். கறுப்பினப் பிள்ளைகளுக்காகக் கவுன்ட்டித் தலைநகரான லீஸ்பர்க்கில் தனியே நடந்துவந்த டக்ளஸ் பள்ளி, 1968இல்தான் மூடப்பட்டது. பிரிவினைப் பள்ளிகள் சட்டத்துக்கு விரோதம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிப் பதினான்கு ஆண்டுகள் கழித்து! இன்று அதே கவுன்ட்டியின் பள்ளி நாட்காட்டியில் தீபாவளிக்கு விடுமுறை.

இடையில் வந்தது இணையம். 1990களில் வாஷிங்டனைச் சுற்றி அரசு ஒப்பந்தக் கம்பெனிகளும் தொலைத்தொடர்புக் கம்பெனிகளும் குவிந்திருந்தன. ஆரம்பகால இணையத்தின் முக்கியச் சந்திப்புகளில் ஒன்றான 'மே ஈஸ்ட்' பக்கத்துக் கவுன்ட்டியான ஃபேர்ஃபாக்ஸில், டைசன்ஸ் கார்னரில் இருந்தது. 1996இல் இணையச் சேவைக் கம்பெனியான ஏஓஎல் தன் தலைமையகத்தை லவுடனுக்குக் கொண்டு வந்தது. 1999இல் ஈக்வினிக்ஸ் கம்பெனி ஆஷ்பர்னில் ஒரு கட்டடம் திறந்தது. பல கம்பெனிகளின் வலைப்பின்னல்கள் ஒரே கூரையின் கீழ் தங்களுக்குள் இணைந்துகொள்ளலாம் என்பது ஏற்பாடு. நான்கு பேர் வந்த இடத்துக்கு ஐந்தாமவர் வந்தே ஆகவேண்டும், ஏனென்றால் மற்ற நான்கு பேரும் அங்கேதான் இருக்கிறார்கள். டாட்காம் குமிழி உடைந்து, 2002இல் தொலைத்தொடர்புக் கம்பெனியான வேர்ல்ட்காம் திவாலானபோது, மண்ணுக்கடியில் புதைத்த ஃபைபர் கேபிள் மட்டும் மிஞ்சியது, அதுவும் மலிவு விலையில். மின்சாரமும் மலிவு. சர்வர் வாங்கினால் விற்பனை வரி விலக்கு என்று மாநில அரசும் 2010 வாக்கில் கதவைத் திறந்துவிட்டது. பிறகு ஏஓஎல்லின் பழைய தலைமையகத்தையே இடித்துவிட்டு அங்கும் டேட்டா சென்டர் கட்டினார்கள்.

கணினி வந்த இடத்துக்குக் கணினிக்காரர்களும் வந்தார்கள். 2000இல் லவுடனில் ஆசியர்கள் நூற்றுக்கு ஐந்து பேர். 2010இல் கிட்டத்தட்ட பதினைந்து. 2020இல் இருபதைத் தாண்டிவிட்டது. அவர்களில் பெரும்பங்கு இந்தியர்கள். தெலுங்கு அதிகம், தமிழும் உண்டு. நம் உறவினர் கூட்டத்தில் 'ஆஷ்பர்ன்' என்று சொல்லிப் பாருங்கள், யாராவது ஒருவர் "என் மச்சினன் அங்கதான் இருக்கான்" என்பார். ஆஷ்பர்ன், பிராம்பிள்டன், சவுத் ரைடிங் எல்லாம் வரிசை வீடுகளும் புதுப் பள்ளிகளுமாக முளைத்தவை. லவுடன் அடங்கிய தொகுதியிலிருந்து 2024இல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குப் போனவர் சுகாஸ் சுப்ரமணியம். அவர் விட்டுவந்த மாநில செனட் இடத்தை 2025 ஜனவரி இடைத்தேர்தலில் பிடித்தவர் கண்ணன் ஸ்ரீனிவாசன்.

இப்போது பணத்துக்கு வருவோம். கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

கவுன்ட்டி என்றால் ஏறக்குறைய நம் மாவட்டம். ஆனால் கலெக்டர் கிடையாது. லவுடனை நடத்துவது மக்கள் தேர்ந்தெடுத்த ஒன்பது பேர் கொண்ட மேற்பார்வையாளர் குழு. சொத்து வரி விகிதம், நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம், பள்ளிகளுக்கு எவ்வளவு பணம் என்பதெல்லாம் அவர்கள் கையில். பள்ளிச் செலவில் பெரும்பகுதி உள்ளூர் வரியிலிருந்துதான் வரவேண்டும். ஒரு புதுக் குடும்பம் இரண்டு பிள்ளைகளோடு வந்தால், அவர்கள் கட்டும் வீட்டு வரியைவிட அவர்களுக்கு ஆகும் செலவு பெரும்பாலும் அதிகம். 2000 வாக்கில் முப்பதாயிரம் சொச்சம் மாணவர்கள் படித்த பள்ளிகளில் இப்போது எண்பதாயிரத்துக்கும் மேல். வளரும் புறநகர் எல்லாவற்றுக்கும் இருக்கும் தலைவலி இது.

லவுடனுக்குக் கிடைத்த மருந்துதான் டேட்டா சென்டர். அங்கே கட்டடத்துக்கு மட்டுமல்ல, உள்ளே இருக்கும் கணினிகளுக்கும் ஆண்டுதோறும் வரி உண்டு. கணினி பழசாகப் பழசாக வரி குறையும், ஆனால் கம்பெனிகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மொத்தத்தையும் மாற்றிப் புதிது வைக்கும், வரி மறுபடி ஏறும். அந்தச் சர்வர்களுக்குப் பிள்ளை கிடையாது. பள்ளிக்கூடம் கேட்காது, பூங்கா கேட்காது, காலையில் சாலையை அடைக்காது. டேட்டா சென்டருக்காக ஒரு டாலர் செலவழித்தால் 26 டாலர் வரி வருகிறது என்பது கவுன்ட்டி நிர்வாகம் பெருமையாகச் சொல்லும் கணக்கு. 2010இல் 100 டாலர் மதிப்புள்ள வீட்டுச் சொத்துக்கு 1.30 டாலர் வரி, 2025இல் 80.5 சென்ட். (வீட்டு விலைகளும் ஏறியிருப்பதால் கையிலிருந்து போகும் பணம் அதே அளவுக்குக் குறைந்துவிடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.)

இவ்வளவும் கிழக்கில்தான். மேற்கு வேறு உலகம். லவட்ஸ்வில், ஹில்ஸ்பரோ, புளூமான்ட், மிடில்பர்க். கல்சுவர் வேலிகள், திராட்சைத் தோட்டங்கள், வேட்டைக் குதிரைகள், ஏறத்தாழ 400 கிலோமீட்டர் சரளைச் சாலைகள். கிழக்கில் வீடுகள் பெருகப் பெருக, மேற்கையாவது காப்பாற்றுவோம் என்று ஒரு தரப்பு கிளம்பியது. 1999 தேர்தலில் அந்தத் தரப்பு ஜெயித்தது. மேற்கில் பல ஏக்கருக்கு ஒரு வீடுதான் கட்டலாம் என்று 2003இல் விதி வந்தது. பொது அறிவிப்பு முறையாக இல்லை என்று 2005இல் வெர்ஜீனியா உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாதென்றது. 2006 இறுதியில் சற்றே தளர்த்தி மறுபடி கொண்டுவந்தார்கள். மேற்கு தப்பித்தது. இன்றும் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

கேபிள் கம்பெனிக்கு அழகு கணக்கில்லை. ஒரு மைல் தூரம் கம்பி இழுத்தால் எத்தனை வீடு என்பதுதான் கணக்கு. கவுன்ட்டியோடு போடும் ஒப்பந்தங்களிலேயே, மைலுக்கு இத்தனை வீட்டுக்குக் குறைந்தால் இழுக்க வேண்டிய கட்டாயமில்லை என்றிருக்கும். ஆஷ்பர்னில் ஒரு தெருவில் நாற்பது வீடு. மேற்கில் ஒரு மைலுக்கு நான்கு. ஆஷ்பர்னில் புதைந்திருக்கும் ஃபைபர் கேபிள் உலகத்தின் கம்பெனிகளை ஒன்றோடொன்று கோக்கிறது, புளூமான்ட் வீட்டுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பக்கத்தில் இருப்பதால் பயனில்லை, கூட்டமாக இருக்க வேண்டும். மேற்கைப் பசுமையாக வைத்திருந்த அதே கோடுதான் மேற்கை இணையம் இல்லாமலும் வைத்திருந்தது. கோடு கிழித்தபோது இதை யாரும் பேசவில்லை. பேசியிருந்தாலும் 2003இல் யாருக்கும் பெரிதாகப் பட்டிருக்காது.

வயர்லெஸ் கோபுரம் வைத்தால் காட்டோக்டின் மேடும் மரங்களும் மறைக்கும். கோபுரம் உயரமாக வேண்டுமென்றால் காட்சி கெடும் என்று அதே ஊர்க்காரர்களே ஆட்சேபிப்பார்கள். மிச்சம் இருந்தது செயற்கைக்கோள் தட்டு.

இந்தக் குறை அரசாங்கத்தின் எண்களில் தெரியவே இல்லை என்பதுதான் இந்தத் தொடரைப் பொறுத்தவரை முக்கியம். கணக்கெடுப்புத் துறையின் ஆண்டுக் கணிப்பில் லவுடனில் 95 சதவீதத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் பிராட்பேண்ட் உண்டு. ஆனால் அந்தக் கேள்வியில் செயற்கைக்கோள் தட்டும் பிராட்பேண்ட்தான், கைப்பேசியின் டேட்டா பேக்கும் பிராட்பேண்ட்தான். கூட்டாட்சித் தொலைத்தொடர்பு ஆணையத்தின் பழைய வரைபடம் இன்னும் மோசம். ஒரு கணக்கெடுப்புத் தொகுதிக்குள் ஒரே ஒரு வீட்டுக்கு இணைப்பு கொடுக்க முடிந்தாலும் மொத்தத் தொகுதிக்கும் கிடைப்பதாக எழுதிக்கொண்டிருந்தார்கள். ஆஷ்பர்னில் தொகுதி என்பது சில தெருக்கள், மேற்கில் அது ஒரு பள்ளத்தாக்கு. வீடு வீடாகப் பார்க்கும் வரைபடம் 2022 நவம்பரில்தான் வந்தது. எந்த வேகத்துக்கு பிராட்பேண்ட் என்று பெயர் என்பதையும், 2015இலிருந்து இருந்த 25 மெகாபிட் அளவிலிருந்து 2024 மார்ச்சில் 100 ஆக உயர்த்தினார்கள். அமெரிக்கா முழுக்க எத்தனையோ வீடுகள் ஒரே நாளில் 'இணைப்பு உள்ளவை' பட்டியலிலிருந்து கீழே விழுந்தன. வீட்டில் எதுவும் மாறவில்லை.

எண்கள் மறைத்ததை 2020 மார்ச் காட்டிவிட்டது. பள்ளிகள் மூடி வகுப்புகள் திரைக்குப் போனபோது மேற்குப் பிள்ளைகளுக்குத் திரையே வேலை செய்யவில்லை. பள்ளி நிர்வாகம் கையடக்க ஹாட்ஸ்பாட் கொடுத்துப் பார்த்தது. கைப்பேசி சிக்னலே இல்லாத வீட்டில் அதை வைத்து என்ன செய்வது? அதற்குப் பிறகுதான் காரியம் நடந்தது. மாநில மானியமும் கவுன்ட்டியின் பங்கும் ஒரு தனியார் நிறுவனத்தின் முதலீடும் சேர்ந்து, அந்த 8,000 சொச்சம் இடங்களுக்கு ஃபைபர் இழுக்கும் திட்டம் 2021 இறுதியில் அறிவிக்கப்பட்டது. குறித்த காலத்தில் முடியவில்லை. ஒவ்வொரு மின்கம்பத்துக்கும் அனுமதி வேண்டும், பழைய கம்பத்தை மாற்ற வேண்டும், யார் செலவு என்று பேச வேண்டும். இதற்கிடையே பொறுமை இழந்தவர்கள் ஸ்டார்லிங்க் தட்டை வாங்கிக் கூரையில் வைத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு அதற்கு வசதி இருந்தது.

வசதி இல்லாதவர்கள் கிழக்கிலேயே இருக்கிறார்கள், ஸ்டெர்லிங்கில். எல் சால்வடாரிலிருந்தும் பிற லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்தும் வந்து, கட்டட வேலையும் துப்புரவு வேலையும் பார்க்கும் குடும்பங்கள் அங்கே நிறைய. வாசலில் ஃபைபர் இருக்கிறது, மாதக் கட்டணம்தான் இடிக்கிறது. வருமானம் குறைந்த வீடுகளுக்கு மாதம் 30 டாலர் தள்ளுபடி தந்த மத்திய அரசுத் திட்டம் நிதி தீர்ந்து 2024 ஜூனில் நின்றுபோனது. நாடு முழுவதும் 2.3 கோடி வீடுகள் அதில் இருந்தன. அமெரிக்காவின் பணக்காரக் கவுன்ட்டி என்ற அடைமொழிக்குள் இந்த வீடுகளும்தான் அடக்கம். மேற்கின் குறையைப் பற்றி எழுதியவர்கள் எத்தனையோ பேர். ஸ்டெர்லிங்கைப் பற்றி அவ்வளவு பேர் எழுதவில்லை. இணையமில்லாத குதிரைப் பண்ணை நல்ல செய்தி, கட்டணம் கட்ட முடியாத வாடகை வீடு செய்தியே இல்லை.

இன்னொரு திருப்பமும் இருக்கிறது. 2023இல் வெர்ஜீனியாவின் மொத்த மின்சாரத்தில் கால் பங்கை டேட்டா சென்டர்களே எடுத்துக்கொண்டன. கிழக்கு லவுடனுக்கு வரும் மின்தடங்கள் போதவில்லை, புது இணைப்புகள் தாமதமாகும் என்று மின் நிறுவனம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது. ஆகவே உயர் அழுத்த மின்பாதைகள் புதிதாக வேண்டும், அவற்றில் ஒன்றை மேற்கு லவுடன் வழியே கொண்டுபோகப் பார்க்கிறார்கள். எந்தக் கணினிகளின் இணையம் தங்களுக்கு இவ்வளவு காலம் கிடைக்கவில்லையோ, அந்தக் கணினிகளுக்கான மின்கோபுரங்கள் தங்கள் பண்ணைக்குள் வருகின்றன என்று அங்கே கோபப்படுகிறார்கள்.

கிழக்கிலும் முகம் சுளிப்பு தொடங்கிவிட்டது. வரி குறைவென்று சந்தோஷப்பட்டவர்களின் படுக்கையறை ஜன்னலுக்கு எதிரே குளிரூட்டும் இயந்திரங்களின் இரைச்சல். 2025 மார்ச்சில் மேற்பார்வையாளர் குழு, டேட்டா சென்டர் கட்ட இனித் தானாக உரிமை கிடையாது, ஒவ்வொன்றுக்கும் பொது விசாரணை வேண்டும் என்று முடிவெடுத்தது. ஏற்கெனவே ஒப்புதல் பெற்றவற்றில் பல எழும்பிக்கொண்டிருக்கின்றன. கவுன்ட்டியின் பொது நிதி வருவாயில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இப்போது இந்தக் கட்டடங்களிலிருந்து வருகிறது. குழுவில் டேட்டா சென்டரை எதிர்த்துக் கை தூக்குகிறவர்களும் அடுத்த ஆண்டுப் பள்ளி பட்ஜெட்டை அந்தப் பணத்தை வைத்துத்தான் போடுகிறார்கள்.

(தொடரும்)