முன்விளக்கினுள் நீர் கோப்பதேன்?

கூலிம் வட்டாரத்தில் மாலை மழை கொட்டி ஓய்ந்த பிறகு காரை எடுக்கிறோம். முன்விளக்கின் உட்புறம் வேர்த்து மங்கிக் கிடக்கிறது. தெருவிளக்கில்லாத செம்பனைத் தோட்டச் சாலையில் இரவு வேலைக்குப் போகிறவருக்கு இது சின்னச் சங்கதியன்று. எதிரே மாடு நிற்பது நேரத்தோடு தெரியவேண்டுமே!

விளக்குக் கூடு முற்றிலும் அடைத்த பெட்டி என்று பலர் எண்ணுகிறார்கள். அமெரிக்காவில் 1940-இல் வந்த 'சீல்டு பீம்' விளக்கு அப்படித்தான் இருந்தது. பல்பு கெட்டால் விளக்கையே மாற்றவேண்டும், ஆனால் விரிசல் விடாதவரை ஈரம் புகாது. இன்றைய பிளாஸ்டிக் கூடோ மூச்சு விடுகிறது. விளக்கெரியும்போது உள்ளிருக்கும் காற்று சூடேறி விரிந்து, காற்றுத் துளை வழியே வெளியேறும். அணைத்ததும் சுருங்கி, வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா? மழையில் குளிர்ந்த முகப்பில் அந்த ஆவி படிகிறது. ஐஸ் தண்ணீர்க் கிளாஸின் வெளிப்புறம் வேர்ப்பதும் இவ்வாறே.

லேசான மூட்டம், சற்று நேரம் ஓட்டியதும் மறைந்தால் விட்டுவிடலாம். எல்.இ.டி. விளக்கின் முகப்பில் சூடு குறைவு. அதில் மூட்டம் கலையச் சற்றுத் தாமதமாகும். ஆனால் துளிகள் வழிந்தோடி அடியில் நீர் தேங்கினால், எங்கோ ஒழுகுகிறது என்று பொருள். கவனியாது விட்டால் உள்ளே பளபளக்கும் பூச்சு கெட்டு, ஒளி குன்றிவிடும்.

முதலில் பின்புறத்து மூடியைப் பார்ப்போம். பல்பு மாற்றியவர் அதைச் சரியாகப் பொருத்தாமல் விட்டிருப்பதுண்டு. ரப்பர் வெடித்திருப்பதும் உண்டு. விளக்கு ஆறியபின் பல்பைக் கழற்றி (ஹாலஜன் பல்பின் கண்ணாடியில் விரல் படக்கூடாது), நீரை வடித்து, முடி உலர்த்தும் கருவியால் இளஞ்சூட்டில், தள்ளிப் பிடித்து உலர்த்தலாம். அதிகச் சூடு பிளாஸ்டிக்கை நெளித்துவிடும்.

மூடி நன்றாயிருந்தும் நீர் புகுந்தால், விளக்கைக் கழற்றித் துளைகளை அடைத்து, விளிம்பில் சோப்பு நீர் தடவி, மெல்லக் காற்றூதவேண்டும். குமிழி கிளம்பும் இடமே ஓட்டை. சைக்கிள் டியூபில் தேடுவது போலத்தான். அவ்விடத்தை மட்டும் உலர்த்திப் பசையிட்டால் போதும்.

சிலர் சுற்றிலும் சிலிக்கோனை அப்பிக் காற்றுத் துளையையும் அடைத்துவிடுகிறார்கள். உள்ளிருக்கும் ஈரம் பிறகு எவ்வழி போகும்? அடியில் துளையிடுவதும் வீண்வேலை. தூசியும் பூச்சியும் குடியேறும்.

சோதனைக்கு அடைத்த துளைகளைத் திறந்து, விளக்கைப் பூட்டியபின் சுவரெதிரே எரியவிட்டு, இரண்டு ஒளியும் ஒரே உயரத்தில் விழுகின்றனவா என்று பார்த்துக்கொள்வோம்.