கடைக்கு மேலே ஒரு வீடு

நெதர்லாந்தில் வீட்டு வாடகையை நிர்ணயிப்பதில் சமையல் மேடையின் நீளத்துக்கும் பங்குண்டு. மேடை ஒரு மீட்டருக்குக் குறைவாக இருந்தால் புள்ளியே கிடையாது. ஒரு மீட்டரைத் தாண்டினால் 4 புள்ளி, இரண்டு மீட்டரை எட்டிவிட்டால் 7. இதைப் போனில் சொன்னபோது என் மாமியார், "அப்ப மேடையைக் கொஞ்சம் உடைச்சுட்டா வாடகை குறையுமா?" என்று கேட்டார். கணக்குப்படி பார்த்தால் அவர் கேட்டதில் தப்பே இல்லை.

நானும் கணவரும் இருப்பது வாகனிங்கன் என்ற சிற்றூரில். ரைன் நதியின் ஒரு கிளை ஊரை உரசிக்கொண்டு போகிறது. மக்கள்தொகை சுமார் 40,000. ரயில் ஊருக்குள் வராது. ஏட-வாகனிங்கன் என்று ஊர்ப்பெயரைச் சுமந்துகொண்டு பக்கத்து ஊரில் நிற்கும் நிலையத்தில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். இரண்டாம் உலகப் போர் முடிவில், 1945 மே 5 அன்று, நெதர்லாந்தில் இருந்த ஜெர்மானியப் படையின் சரணடைவு பற்றிப் பேசிய இடம் இங்குள்ள ஓர் ஓட்டல் என்பதால் டச்சுக்காரர்கள் எல்லோருக்கும் இந்தப் பெயர் தெரியும். வேளாண்மை படித்த தமிழர்களுக்குத் தெரிந்திருப்பதற்குக் காரணம் வேறு: இங்கே இருக்கும் பல்கலைக்கழகம். மண் நுண்ணுயிரிகளைப் பற்றிய ஆய்வுக்காக நான் வந்ததும் அதற்குத்தான்.

ஊரின் நடுவே ஒரு பெரிய தேவாலயம், அதைச் சுற்றிச் சந்தைத் திடல், அதிலிருந்து நீளும் ஹோக்ஸ்ட்ராட் என்ற கடைத்தெரு. கார்கள் அதிகம் நுழையாத அந்தப் பகுதியில், ஒரு செருப்புக் கடைக்கு மேலே எங்கள் வீடு. ஒரு படுக்கையறை, ஒரு கூடம், கூடத்தோடு ஒட்டிய சமையலறை.

வாடகைக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு இந்த நாட்டின் மீது மரியாதை வந்ததும் எரிச்சல் வந்ததும் அதனால்தான். இங்கே ஒவ்வொரு வாடகை வீட்டுக்கும் புள்ளி போடுகிறார்கள். கூடம், படுக்கையறை, சமையலறை, குளியலறை ஆகியவற்றுக்குச் சதுர மீட்டருக்கு ஒரு புள்ளி. சாமான் போடும் அறை போன்றவற்றுக்கு முக்கால் புள்ளி. வெப்பமூட்டி இருக்கும் அறைகளுக்குத் தனியாக. குளிர் உள்ளே வராதபடி, அதாவது வீட்டுச் சூடு வீணாகாதபடி, கட்டப்பட்டிருந்தால் எரிசக்திச் சான்றிதழில் நல்ல எழுத்து கிடைக்கும், புள்ளி ஏறும். மோசமான எழுத்தென்றால் இருப்பதிலிருந்து கழியும். நகராட்சி அந்த வீட்டுக்குப் போட்டிருக்கும் மதிப்புக்கும் புள்ளி உண்டு. அந்த மதிப்பு ரகசியமில்லை. எந்த முகவரியைத் தட்டினாலும் அரசின் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். என் மேலதிகாரியின் வீட்டு மதிப்பு எனக்குத் தெரியும். எங்கள் வீட்டு மதிப்பு அவருக்கும் தெரிந்திருக்கும்.

மொத்தப் புள்ளி 143-க்குள் இருந்தால் அது சமூக வாடகை வீடு. 144 முதல் 186 வரை நடுத்தர வாடகை. 187-ஐத் தொட்டால் உரிமையாளர் கேட்பதே விலை. 2025-ல் முதல் எல்லை மாதம் 900 யூரோவிலும், இரண்டாவது 1,185 யூரோவுக்குச் சற்றுக் கீழும் நின்றது. நடுத்தர வீடுகளுக்கும் இப்படிக் கடிவாளம் போட்டது 2024 ஜூலை 1 அன்று அமலுக்கு வந்த சட்டம். அதற்கு முன் சமூக வாடகையின் எல்லையைத் தாண்டிய எந்த வீட்டுக்கும் வாய்க்கு வந்ததைக் கேட்கலாம் என்றிருந்தது. 2025 தொடக்கத்திலிருந்து, புதிய ஒப்பந்தம் போடும்போது புள்ளிக் கணக்கையும் சேர்த்துக் கொடுத்தாக வேண்டும். எங்களுக்கு வந்த தாளில் குளியல் தொட்டி, கழிப்பறை, மேடை என்று வீடே எண்களாக வரிசை கட்டி நின்றது.

பழைய ஊர்களின் நடுப்பகுதிக்கென்று இதில் ஒரு சலுகையும் உண்டு. தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்ட கட்டடத்துக்குப் புள்ளி சொல்லும் வாடகைக்கு மேல் 35 சதவீதம் வாங்கலாம். நகராட்சி அறிவித்த சின்னமென்றால் 15. சரிந்த உத்தரங்களையும் நூற்றாண்டு கண்ட ஓடுகளையும் பராமரிக்கிற செலவுக்காக. வாகனிங்கனில் அந்தப் பழமை கொஞ்சம் ஏமாற்றும். 1940 மே மாதச் சண்டையில் ஊரின் நடுப்பகுதி பலமாகச் சிதைந்தது. செங்கல்லும் சாய்கூரையுமாகப் பழைய பாணியில் பிறகு கட்டிய வீடுகள் பல. வந்த புதிதில் எல்லாமே முன்னூறு வயதென்று நினைத்துப் படமெடுத்து அனுப்பும் உறவினர்களுக்கு நான் உண்மையைச் சொல்வதில்லை.

கேட்ட வாடகை புள்ளிக் கணக்குக்கு மேல் என்று சந்தேகம் வந்தால் வாடகைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். ஹியூர்கொமிஸி என்பார்கள். 1917-ல், முதல் உலகப் போரின் வீட்டுப் பஞ்சத்தில் பிறந்த ஏற்பாடு. ஒப்பந்தம் தொடங்கி ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். வாடகைக்காரர் கட்டவேண்டிய தொகை 25 யூரோ; ஜெயித்தால் அதுவும் திரும்பி வரும். என் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்யும் பிரேசில்காரி ஒருத்தி போனாள். ஒருவர் வந்து அளவு நாடாவை விரித்து வீடு முழுக்க அளந்தார். வாடகை கணிசமாகக் குறைந்தது. எனக்கு வியப்பு அதுவல்ல. தோற்ற ஹவுஸ் ஓனர், சில நாள் கழித்து அவள் வீட்டுக்கு வந்து ஒழுகும் குழாயைச் சரிசெய்துவிட்டு, காபி குடித்துவிட்டுப் போயிருக்கிறார். நம் பக்கத்தில் இப்படி ஒரு வழக்குக்குப் பிறகு காபி குடிப்பார்களா என்று யோசித்துப் பார்த்தேன்.

முன்பணம் இரண்டு மாத வாடகைக்கு மேல் கேட்கக்கூடாது. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகியவர்களுக்கு இது கனவு. உரிமையாளருக்காக வேலை செய்யும் தரகர் வாடகைக்காரரிடம் கமிஷன் வாங்கக்கூடாது. 2024 ஜூலைக்குப் பிறகு போடும் ஒப்பந்தங்கள், மாணவர் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, காலவரையறை இல்லாதவை. நாம் ஒரு மாத முன்னறிவிப்பில் கிளம்பலாம். உரிமையாளர் நம்மைக் கிளப்ப வேண்டுமென்றால் சட்டம் சொல்லும் காரணம் வேண்டும். நாம் ஒப்புக்கொள்ளாவிட்டால் நீதிபதியிடம் போக வேண்டும். வீட்டை விற்றாலும் வாடகைக்காரர் அப்படியே இருப்பார். வாங்கியவர் வீட்டோடு நம்மையும் சேர்த்துத்தான் வாங்குகிறார்.

இவ்வளவும் கதவுக்கு உள்ளே வந்துவிட்டவர்களுக்கு. வெளியே நிற்பவர்கள் பாடு வேறு.

இந்த நாட்டில் ஏறத்தாழ நான்கு லட்சம் வீடுகள் பற்றாக்குறை என்று அரசே பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. பத்து வீட்டில் நான்கில் ஒரே ஒரு ஆள்தான் வசிக்கிறார். ஆகவே சின்ன வீடுகளுக்குத்தான் பெரிய அடிதடி. சமூக வீடுகளுக்குப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதற்கு வருமான உச்சவரம்பும் உண்டு. 2025-ல் தனி ஆளுக்கு ஆண்டுக்கு 50,000 யூரோவுக்கு ஒரு மயிரிழை குறைவு. தனியார் வீட்டுக்குப் போனால் அங்கே உச்சத்துக்குப் பதில் தாழ்வரம்பு: மாத வாடகையைப் போல மூன்று மடங்கோ நான்கு மடங்கோ சம்பளம் இருக்க வேண்டும். இரண்டுக்கும் இடையில் விழுந்துவிடுகிறவர்கள் ஏராளம். புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆசிரியை, செவிலியர், என்னைப் போன்ற ஒப்பந்த ஆய்வாளர்கள்.

விளம்பரம் காலையில் வந்தால் மதியத்துக்குள் நூற்றுக்கணக்கில் விண்ணப்பங்கள். அதில் சிலரைத் தேர்ந்தெடுத்து, ஆளுக்குப் பத்து நிமிடம் கொடுத்து வீட்டைக் காட்டுகிறார் தரகர். படிக்கட்டில் இறங்கும்போது அடுத்தவர் ஏறிவருவார். இருவரும் சிரித்துக்கொள்வோம், மனத்துக்குள் ஒருவரையொருவர் எடைபோட்டபடி. சம்பளச் சீட்டு, பணியிடத்திலிருந்து ஒரு சான்று, பழைய ஹவுஸ் ஓனரின் நற்சான்று எல்லாம் கையோடு இருக்க வேண்டும். ஒரு தரகர் என்னிடம், "அதிகம் சமைப்பீர்களா?" என்று கேட்டார். ஊர் எது என்று கேட்ட அடுத்த நொடியில் வந்த கேள்வி. "தினமும் மூன்று வேளை" என்றேன். அந்த வீடு கிடைக்கவில்லை. அதற்காக நான் வருந்தவும் இல்லை.

மாணவர்கள் படும் பாடு இதைவிட வேடிக்கை. பொதுச் சமையலறையுள்ள வீட்டில் ஓர் அறை காலியானால், ஏற்கெனவே இருப்பவர்களே ஒரு மாலை வேளையில் பத்துப் பதினைந்து பேரைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசிப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். என்ன பாட்டுப் பிடிக்கும், பாத்திரம் யார் கழுவ வேண்டும் என்றெல்லாம் கேட்பார்களாம். கூச்ச சுபாவமுள்ள எங்கள் பையன்கள் பலர் இதில் தேறாமல், வகுப்பு தொடங்கி வாரங்கள் ஆன பிறகும் நண்பர்கள் அறையில் மெத்தை விரித்துப் படுக்கிறார்கள். அவசரத்தில் பணம் அனுப்பி ஏமாறுவதும் இவர்கள்தான். வீட்டைப் பார்க்கும் முன் பணம் கேட்டால் மோசடி. இதை எத்தனை முறை சொன்னாலும் ஒவ்வொரு செப்டம்பரிலும் யாராவது ஒருவர் மாட்டுகிறார். இன்னொன்று, "நகராட்சியில் பதிவு செய்யக்கூடாது" என்று நிபந்தனை போடும் அறைகள். முகவரிப் பதிவு இல்லாமல் இங்கே அரசாங்கக் காரியம் எதுவும் ஓடாது. குடியேறி ஐந்து நாளுக்குள் பதிவு செய்வது சட்டக் கடமை.

வாடகையைக் கட்டுப்படுத்தியதால் வாடகை வீடே குறைந்துபோனது என்பது உரிமையாளர்கள் தரப்பு வாதம். அதில் உண்மை இருக்கிறது. முதலீட்டுக்காக வீடு வாங்குகிறவர்கள் 2023 முதல் மூன்று ஆண்டுகள் 10.4 சதவீதம் கைமாற்று வரி கட்டினார்கள். சொத்து வரியும் ஏறியது. மேலே புள்ளிக் கணக்கும் வந்து உட்கார்ந்தது. ஆகவே வாடகைக்காரர் காலி செய்ததும் மறுபடி வாடகைக்கு விடாமல் விற்றுவிடுகிறார்கள். வாங்கிக் குடியேறுகிறவர்களுக்கு அது நல்லதுதான். வீடு வாங்க வங்கி கடன் தராத என் போன்றவர்களுக்கு ஒரு கதவு குறைந்தது. இருந்தாலும் சட்டத்தை எடுத்துவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. வீடு போதாத ஊரில் விலையை அவிழ்த்துவிட்டால் வீடு முளைக்காது, வாடகைதான் முளைக்கும்.

கிடைத்த வீடு எந்த நிலையில் கிடைக்கும் என்பது அடுத்த அதிர்ச்சி. வாடகை வீடுகளில் மூன்று வகை. மேசை நாற்காலியோடு வருவது ஒன்று. தரைவிரிப்பும் திரைச்சீலையும் விளக்கும் மட்டும் இருப்பது இரண்டாவது. மூன்றாவது வெறும் கூடு: சிமெண்ட் தரை, கூரையிலிருந்து தொங்கும் மின்கம்பி. போகிறவர் தான் போட்ட மரத்தரையைப் பலகை பலகையாகக் கழற்றிக்கொண்டு போய்விடுவார். எங்களுக்கு முன்பிருந்தவர் தரையை விட்டுப்போகிறேன், விலை கொடுங்கள் என்றார். கால் வைக்கும் இடத்துக்கு நான் பேரம் பேசியது வாழ்க்கையில் அதுவே முதல் முறை.

படிக்கட்டைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. செங்குத்தாக, குறுகலாக, ஏணிக்குச் சித்தப்பா மகன் போல இருக்கும். கட்டிலோ துணி துவைக்கும் இயந்திரமோ அதில் ஏறாது. பழைய வீடுகளின் நெற்றியில் ஓர் உத்தரம் நீட்டிக்கொண்டிருக்கும். அதில் கப்பி மாட்டிக் கயிற்றால் இழுத்து ஜன்னல் வழியே சாமான் ஏற்றினார்கள். இப்போது மோட்டார் வைத்த சாய்வு லிஃப்ட் வாடகைக்குக் கிடைக்கிறது. எங்கள் கிரைண்டர் அதில் கம்பீரமாக மேலே போனபோது தெருவில் நின்று சில பேர் வேடிக்கை பார்த்தார்கள்.

கீழே கடை என்பதால் இரவில் அமைதி. சந்தை நாள்களில் மட்டும் விடிவதற்குள் இரும்புக் கம்பிகளின் சத்தம் எழுப்பிவிடும், தட்டுக்கடைகளை அமைக்கிறார்கள். ஆனால் இறங்கினால் வாசலிலேயே மீனும் பாலாடைக்கட்டியும் கீரையும். சைக்கிள் நிறுத்தத்தான் இடமில்லை. தாளிப்புப் புகையை வெளியே தள்ளுவதும் பெரும்பாடு: பல வீடுகளை இணைக்கும் பொதுக் காற்றுக்குழாயில் மோட்டார் வைத்த புகைபோக்கியை மாட்ட அனுமதியில்லை, புகை பக்கத்து வீட்டுக்குள் போய்விடும். கரி வடிகட்டி போட்ட ஒன்று இருக்கிறது. காய்ந்த மிளகாய்க்கு முன் அது நிற்பதில்லை. ஒரு நாள் கீழ்க்கடை அம்மாள் படியேறி வந்தார். தும்மலைப் பற்றிப் புகார் சொல்லத்தான் என்று நினைத்தேன். "மூன்று மணிக்கு ஒரு வாசனை வருகிறதே, அது என்ன?" என்றார். ரசம். ஒரு டம்ளர் கொடுத்தேன். பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எழுபதைத் தாண்டியவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு இன்னும் நாக்கு வளையவில்லை.

அவர் சொல்லித்தான் தெருவின் இன்னொரு விஷயம் தெரிந்தது. டச்சு ஊர்களின் கடைத்தெருக்களில் மேல்மாடிகள் பல காலமாகக் காலியாகக் கிடக்கின்றன. முன்பு கடைக்காரர்களே மேலே குடியிருந்தார்கள். வசதி வந்ததும் புறநகரில் தோட்டம் வைத்த வீடு கட்டிப் போனார்கள். கடையின் முகப்பை அகலமாக்கத் தெருப்பக்கத்து மாடிப்படியை இடித்தார்கள். மேலே போகவே வழியில்லாத தளங்களில் அட்டைப்பெட்டிகள் தூங்கின. பிறகு இணைய வணிகம் வந்தது, பெரிய கடைகளே விழுந்தன; 2015-ன் கடைசி நாளில் வி அண்ட் டி, 2024-ல் ப்ளொக்கர். இப்போது நகராட்சிகள் அந்த மாடிகளை வீடாக்கச் சொல்லி உரிமையாளர்களை வற்புறுத்துகின்றன. தனி வாசல், தீயிலிருந்து தப்பும் வழி, சத்தத் தடுப்பு என்று செலவு இழுக்கிறது. ஆனாலும் நடக்கிறது.

எங்கள் எதிர்வரிசையில் மூடிக்கிடந்த ஒரு கடையின் பின்சந்தில் போன மாதம் இரும்புப் படிக்கட்டு முளைத்தது. மேலே இரண்டு வீடுகள் வரப்போகின்றன. விளம்பரம் வந்ததும் கோவையிலிருந்து வந்திருக்கும் மாணவன் ஒருவனுக்குப் போன் செய்து சொன்னேன். அவன் அன்று மாலை விண்ணப்பிக்கப் பார்த்தபோது விளம்பரத்தையே எடுத்துவிட்டிருந்தார்கள். வேண்டிய அளவு ஆள் சேர்ந்துவிட்டதாம். படிக்கட்டுக்கு இன்னும் பெயின்ட் அடிக்கவில்லை.