வெளுத்ததெல்லாம் வெள்ளைக்கல்லா?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (நிலவியல்) மாணவர்

‘வெளுத்ததெல்லாம் பாலாகுமா?’ என்பர் பெரியோர். ‘வெளுத்ததெல்லாம் வெள்ளைக்கல்லாகுமா?’ என்று சேலத்துக்காரர்களாகிய நாம் கேட்கலாம். நாம் வெள்ளைக்கல் என்று அழைக்கும் மாக்னசைட்டும், வரப்பில் கிடக்கும் வெங்கச்சங்கல்லும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். கண்ணை ஏமாற்றும் கல், கீறலை ஏமாற்றாது.

கடினத்தன்மை என்பது உடையாமை அன்று. கீறலைத் தாங்கும் ஆற்றல். வைரத்தையும் சுத்தியலால் உடைத்துவிடலாம்! 1812-இல் ஜெர்மானிய அறிஞர் பிரெடரிக் மோஸ் பத்துக் கனிமங்களை வரிசைப்படுத்தினார். மாக்கல் 1, ஜிப்சம் 2, கால்சைட்டு 3, ஃப்ளோரைட் 4, அபடைட் 5, ஃபெல்ஸ்பார் 6, குவார்ட்ஸ் 7, புஷ்பராகம் 8, குருந்தக்கல் 9, வைரம் 10. மேல் எண்ணுடையது கீழ் எண்ணுடையதைக் கீறும். இவை வரிசை எண்களே, அளவுகள் அல்ல. குருந்தக்கல்லைவிட வைரம் ஏறத்தாழ நான்கு மடங்கு கடினமானது.

சோதிக்கக் கருவி வேண்டாம். நம் நகம் சுமார் 2.5, பேனாக்கத்தியும் கண்ணாடியும் சுமார் 5.5, எஃகு அரம் 6.5. மாக்னசைட்டு 3.5 முதல் 4.5 வரை, ஆகவே அதைக் கத்தி கீறும். வெங்கச்சங்கல் என்பது குவார்ட்ஸ். அதில் கத்தி வழுக்கும், அதுவோ கண்ணாடியைக் கீறும். வெயிலிலும் மழையிலும் இற்றுப்போன மேற்பரப்பைச் சோதிக்கலாகாது; புதிதாக உடைத்த முகமே வேண்டும். சில வேளை கத்தியே தேய்ந்து கல்லில் கரிய கோடு விழும். அது கீறலன்று. நகத்தால் தடவிப் பள்ளம் உண்டா எனப் பார்க்க வேண்டும்.

என் தந்தையார் கிணறு வெட்டுபவர், பள்ளிக்கூடம் அறியாதவர். நான் பள்ளியில் படித்தபோது, அடிக்கு இவ்வளவு என்று கூலி பேசி அவர் இறங்கிய கிணற்றில் வெள்ளைப் பாறை குறுக்கிட்டது. “இது வெங்கச்சான், உளி நிற்கவில்லை. கூலி கூட்டித் தாருங்கள்” என்றார். “வெள்ளைக்கல்தானே, இதற்கென்ன கூலி?” என்று நிலத்துக்காரர் மறுத்துவிட்டார். எனக்கு விளையாடக் கொண்டுவந்த அப்பாறைத் துண்டு வீட்டு மாடத்திலேயே கிடந்தது. கல்லூரிக்கு வந்தபின் நான் முதன்முதலில் சோதித்தது அதைத்தான். கத்தி வழுக்கியது, கண்ணாடியில் கோடு விழுந்தது. தந்தையாரிடம் காட்டினேன். “இதை உளி அன்றைக்கே சொன்னதே, தம்பி” என்றார்.

போன கூலி போனதுதான். இனிக் கூலி பேசும் இடத்தில் ஒரு கண்ணாடித் துண்டுடன் நானும் நிற்பேன். நண்பர்களே, உங்கள் ஊர்க் கற்களையும் ஒருமுறை கீறிப் பாருங்கள்!