ஆமைக்கும் உறக்கம் உண்டா?

ஆமை நுழைந்த வீடும் அமீனா நுழைந்த வீடும் உருப்படாது என்பார்கள் பெரியவர்கள். இன்று ஆமை நுழைந்தால், அதைத் தேடி வனத்துறையினரே வந்துவிடுவார்கள்!

மறையூரிலிருந்து உடுமலைப்பேட்டை செல்லும் சாலை இடுக்கி மாவட்டத்துச் சின்னார் சரணாலயத்தின் வழியே போகிறது. மலைக்கு மேற்கே மழை கொட்டும்போதும் இப்பகுதி முள்மரமும் புதருமாக வறண்டு கிடக்கும். மஞ்சள் கோடுகளால் முதுகில் நட்சத்திரம் வரைந்தாற்போல் தோன்றும் நட்சத்திர ஆமைக்கு ஏற்ற இடம் இது.

மார்கழிக் குளிரில் இந்த ஆமையைப் பெட்டியில் வைக்கோல் பரப்பித் தூங்க வைக்கலாமா என்று நண்பர்கள் என்னைக் கேட்பதுண்டு. கூடவே கூடாது. இது குளிர்கால உறக்கம் கொள்ளும் இனமன்று. மழைக்காலத்தில் நன்றாக மேயும். கடும் வெயிலில் புதரடியில் ஒதுங்கும். குளிரும் ஈரமும் சேர்ந்தால் நுரையீரல் பாதித்து இறந்தே போகலாம்.

உறங்குபவை மத்தியதரைக் கடல் நாடுகளின் ஆமைகள். 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் செல்போர்ன் ஊரில் கில்பர்ட் வைட் என்ற பாதிரியார் வளர்த்த 'திமோதி', குளிர்காலத்தில் மண்ணைத் தோண்டி உள்ளே போய் உறங்கியதை அவர் எழுதிவைத்திருக்கிறார்.

அயல்நாட்டில் வாழும் நம் பிள்ளைகள் அத்தகைய ஆமை வளர்த்தால் கவனிக்க வேண்டியவை சில உண்டு. நோயுற்றதையும் மெலிந்ததையும் உறங்க வைக்கக் கூடாது. மற்றவற்றுக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே தீனியை நிறுத்தி, வெதுவெதுப்பான நீரில் குளிப்பாட்ட வேண்டும். இல்லையேல் வயிற்றில் தங்கிய உணவு அழுகும். பெட்டிக்குள் பெட்டி வைத்து, காற்றுத் துளையிட்டு, சுமார் 5 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் வைக்க வேண்டும். 0க்குக் கீழே போனால் கண் பார்வை கெடலாம். 10ஐத் தாண்டினால் விழித்துக்கொண்டு சேமித்த சக்தியை இழக்கும். தண்டவாளத்தின் வெப்பத்தைத் தொட்டுப் பார்த்துச் சொன்னால் ரயில்வேயில் நாங்கள் ஏற்பதில்லை. இங்கும் தெர்மாமீட்டரே சாட்சி.

படுக்கைக்கு உரம் கலவாத தோட்ட மண்ணும் அச்சிடாத காகிதத் துண்டுகளும் நல்லவை. வைக்கோலில் பூஞ்சணம் பிடிக்கும். தேவதாரு, பைன் மரச்சீவல்களின் எண்ணெய் மூச்சை உறுத்தும். மரத்தூளும் ஆகாது.

நம் நாட்டிலோ, நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்திருப்பதே 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அதை முதல் அட்டவணையில் சேர்த்தது. 2019இல் உலக நாடுகளும் அதன் வாணிபத்துக்குக் கடுமையான தடை விதித்தன.

ஆகவே, வழியில் கண்டால் எடுத்துவராதீர்கள். யாரேனும் வைத்திருந்தால் வனத்துறை அலுவலகத்தில் ஒப்படைக்கச் சொல்லுங்கள். தாங்களே காட்டில் கொண்டுபோய் விடவும் வேண்டாம்; வீட்டில் வளர்ந்த ஆமையின் நோய் காட்டு ஆமைகளுக்குத் தொற்றிவிடும்.