வண்டி நிறுத்துவதா? நாய் குரைப்பதா?

வெளிநாட்டு மாணவருக்கு இங்கிலீஷ் துணை நீங்களே!

சூடானில் இருந்து சென்னைக்குப் படிக்க வந்த மாணவன், நண்பனின் மோட்டார் சைக்கிளை நிறுத்த இடம் தேடுகிறான். கடைக்காரரிடம் "பார்க்கிங் எங்கே?" என்று இங்கிலீஷில் கேட்கிறான். அவன் வாயில் அது "நாய் குரைப்பது எங்கே?" என்று வந்து விழுகிறது!

கடையே சிரிக்கிறது. பையன் முகம் சுண்டிப் போகிறது. மறுநாள் முதல் அவன் வாயைத் திறப்பதே இல்லை.

தப்பு யாருடையது? 'பணம்' என்பதில் வருகிற 'ப' ஒலி அரபு மொழியில் கிடையாது. 'பஸ்'சில் வருகிற 'ப' மட்டும்தான் உண்டு. நமக்கு மட்டும் என்னவாம்? இரண்டு ஒலிக்கும் ஒரே எழுத்து. வண்டி நிறுத்துவதும் குரைப்பதும் தமிழில் எழுதினால் ஒரே 'பார்க்கிங்'தான்!

நம்ம 'இஸ்கூல்'

ஈரான் மாணவன் 'ஸ்கூல்' என்று சொல்ல மாட்டான், 'எஸ்கூல்' என்பான். அவனுடைய பாரசீக மொழியில் சொல்லின் முதலிலேயே இரண்டு மெய் சேர்ந்து வராது. தமிழிலும் அப்படித்தான். அதனால்தானே நம் பாட்டி "இஸ்கூலுக்குப் போனியா?" என்றாள்!

பிரெஞ்சு பேசும் காங்கோ மாணவனுக்கு 'ஹ' வராது. ஹோட்டலை 'ஓட்டல்' ஆக்கிவிடுவான். நம் ஊர்ப் பலகையிலும் 'ஓட்டல்'தானே!

ஆக, அவன் கஷ்டம் நமக்குப் புதுசல்ல. "என் இங்கிலீஷே அரைகுறை, நானா சொல்லிக் கொடுப்பது?" என்று குமாஸ்தா தயங்க வேண்டாம். திக்கித் திணறிக் கற்றவருக்குத்தான் எங்கே இடறும் என்று தெரியும்.

'அவுட் ஆஃப் ஸ்டேஷன்'

இன்னொரு தொல்லை, நம் ஊர் இங்கிலீஷ். "ஆபீசர் அவுட் ஆஃப் ஸ்டேஷன்" என்றால், ரயில் நிலையத்துக்கு வெளியே நிற்கிறார் போல என்று புதியவன் நினைப்பான். நாம் தலையை ஆட்டினால் ஆமாவா, இல்லையா என்று புரியாமல் விழிப்பான். "சாப்டீங்களா?" என்று கேட்டால், விருந்துக்குக் கூப்பிடுகிறார் என்று காத்திருப்பான். அது வெறும் குசலம் என்று யார் சொல்வது? பாடப் புத்தகம் சொல்லாது. சிநேகிதன்தான் சொல்வான்.

எப்படிப் பழகுவது?

வாரத்தில் ஒரு மணி நேரம் போதும். கடற்கரையோ, டீக்கடையோ, வீட்டுத் திண்ணையோ!

அவன் பேசி முடிக்கும் வரை குறுக்கே பேசக் கூடாது. வார்த்தைக்கு வார்த்தை திருத்தினால் ஊமையாகி விடுவான். "எஸ்டர்டே ஐ கோ பீச்" என்றானா? "ஓ, யூ வென்ட் டு த பீச்?" என்று பதில் கேள்வி போடுங்கள். திருத்தமும் ஆச்சு, பேச்சும் நிற்கவில்லை.

பதிலுக்கு அவன் ஊரைப் பற்றிக் கேளுங்கள். வீட்டில் யார் யார், என்ன சமையல் என்று கேளுங்கள். தெரிந்ததைச் சொல்லும்போது நாக்கு தானே புரளும்.

அன்று தேவைப்பட்டது

இது பொழுதுபோக்கு மட்டுமல்ல. 2021 ஆகஸ்ட் 15-ந் தேதி காபூல் தலிபான்கள் கைக்குப் போனது. அங்கே வங்கிகள் மூடின. அதே மாதம் 25-ந் தேதி, இந்தியாவுக்கு வெளியே இருந்த ஆப்கானியர்களின் பழைய விசாக்கள் செல்லாது என்று மத்திய அரசு அறிவித்தது. ஊருக்குப் போயிருந்த மாணவர்கள் திரும்ப முடியாமல் தவித்தார்கள். இங்கே இருந்தவர்களுக்கோ வீட்டுக் கவலை, பணக் கவலை.

அப்படிப்பட்ட நாளில் இலக்கணமா கைகொடுக்கும்? விசா மனு எழுதும்போது பக்கத்தில் உட்கார ஒருவர் வேண்டும். வாடகைக்குத் தவணை கேட்க வார்த்தை சொல்லித் தர ஒருவர் வேண்டும். "பயப்படாதே தம்பி" என்று சொல்ல ஒருவர் வேண்டும். அந்த ஒருவரை ஆபத்து வந்த அன்று தேட முடியாது. முன்பே பழகியிருக்க வேண்டும்.

விடுதியில் பண்டிகை விடுமுறை விட்டால் எல்லோரும் ஊருக்குப் போவார்கள். போக முடியாமல் தனியே நிற்பவன் வெளிநாட்டு மாணவன்தான்.

அடுத்த முறை உங்கள் கடைக்கு அப்படி ஒருவன் வந்தால் சிரித்து விரட்டாதீர்கள். "சாப்டீங்களா?" என்று கேளுங்கள்.

இந்த முறை, நிஜமாகவே கேளுங்கள்!